உயரம் குறைவானவர்கள் வீட்டுக்குள் சைக்கிள் ஓட்ட எதை வாங்கலாம்?

கேள்வி கேட்ட சகோதரியின் உயரம் 4 அடி 9 அங்குலம். ஸ்பின் பைக் (நின்ற இடத்திலேயே ஓட்டும் உடற்பயிற்சி சைக்கிள்) வாங்குவதா, சொந்த சைக்கிளை மாட்டி ஓட்டும் ட்ரெய்னர் வாங்குவதா என்று கேட்டிருக்கிறார். என் உயரம் 147 சென்டிமீட்டர், அவரைவிட ஒரு விரற்கடை அதிகம். தப்பான ஒன்றை முதலில் வாங்கி முட்டியைக் கெடுத்துக்கொண்டவள் என்பதால் பதில் எழுதும் தகுதி இருப்பதாக நினைக்கிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போகிற சாலை, நாலு மணியானால் மழை, மழை விட்டால் நாய்கள். வெளியே சைக்கிள் ஓட்டும் ஆசையை வீட்டுக்குள் கொண்டுவந்ததற்குக் காரணம் அதுதான். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது இணையத்தில் ஒரு ஸ்பின் பைக் வாங்கினேன். பெட்டியில் 150 முதல் 190 சென்டிமீட்டர் உயரம் உள்ளவர்களுக்கு என்று போட்டிருந்தது. "விடு, சப்பாத்து போட்டா மூணு சென்டி வந்துரும்" என்றார் வீட்டுக்காரர். சீட்டைக் கடைசித் துளைக்கு இறக்கினேன், கால் எட்டியது. சரியாகப் போயிற்று என்று நினைத்தேன்.

மூன்று வாரத்தில் முட்டிச் சில்லுக்கு முன்னால் வலி. மாடிப்படி இறங்கும்போது உயிர் போகும். சீட்டு உயரமோ என்று பார்த்தால் அதற்குமேல் இறக்க இடமில்லை, தாழ்வோ என்று கொஞ்சம் ஏற்றினால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடியது.

எங்கள் பழைய கடைத்தெருவில் ஒரு சீன அங்கள் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், நம்மைவிட நல்லாவே தமிழ் பேசுவார். ஒரு சங்கிலி வாங்கப் போனபோது பேச்சுவாக்கில் வலியைச் சொன்னேன். வீட்டுக்கே வந்துவிட்டார். என்னை ஏறி உட்காரச் சொல்லி, பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றி, அது மேலே வந்து நிற்கும் இடத்தில் பிடித்துக்கொண்டார். என் தொடை வயிற்றில் முட்டிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, சீட்டுல கோளாறு இல்ல. உன் காலு சின்னது, இந்த மிசினு கை நீளம்."

கை என்று அவர் சொன்னது கிராங்க்கை, அதாவது பெடலை அச்சோடு இணைக்கும் இரும்புக் கையை. இந்தப் பதிலில் நான் சொல்ல வந்தது முழுக்க இந்த ஒரு விஷயம்தான். பெட்டியில் போடும் உயர வரம்பு சீட்டு எவ்வளவு இறங்கும் என்பதை மட்டும் பார்த்துப் போடப்படுகிறது. கிராங்க்கின் நீளத்தை யாரும் சொல்வதில்லை. பெரும்பாலான ஸ்பின் பைக்குகளில் அது 170 மில்லிமீட்டர். ஆறடி ஆளுக்கும் 170, எனக்கும் 170.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சுவரோடு ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கிடையில் மேலே வரை இறுக்கி வைத்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளந்தால் கிடைப்பது உள்கால் அளவு. எனக்கு 66 சென்டிமீட்டர். சீட்டு உயரத்துக்கு இணையத்தில் எல்லாரும் சொல்லும் கணக்கு, உள்கால் அளவை 0.883ஆல் பெருக்குவது. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பெயரால் அறியப்படும் கணக்கு அது. கிராங்க் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை எனக்கு 58.3 வருகிறது. கிராங்க்கின் 17ஐக் கூட்டினால், பெடல் அடியில் இருக்கும்போது சீட்டிலிருந்து 75.3 தூரம்.

இன்னொரு பழைய கணக்கு இருக்கிறது. 1967இல் ஹேம்லி, தாமஸ் என்ற இருவர் சொன்னது: பெடல் அடியில் இருக்கும்போது அதிலிருந்து சீட்டு வரை உள்கால் அளவில் 109 சதவீதம். எனக்கு 72. இரண்டுக்கும் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம்! உள்கால் 84 இருக்கும் உயரமான ஒருவருக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில் 91 சொச்சத்தில் வந்து நிற்கும். 0.883 என்பது உயரமானவர் காலுக்கும் அவர் கிராங்க்குக்கும் பொருந்திவந்த எண். நம் கால் குறைந்தாலும் கிராங்க் குறையாததால் நமக்கு அது சீட்டை ஏற்றிவிடுகிறது. சீட்டை ஏற்றியபோது இடுப்பு ஆடியதற்குக் காரணம் இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. ஆகவே நம் உயரத்துக்கு 109 கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள், அதையும் ஆரம்பப் புள்ளியாக மட்டும். பெடல் அடியில் நிற்கும்போது முட்டி 25 முதல் 35 டிகிரி மடங்கியிருந்தால் போதும்.

பெடல் மேலே வரும்போதுதான் உண்மையான தொல்லை. எனக்குச் சீட்டிலிருந்து பெடல் வரை 38 சென்டிமீட்டர்தான் மிஞ்சுகிறது, என் கால் நீளத்தில் 58 சதவீதம் கூட இல்லை. அந்த உயரமானவருக்கு 68 சதவீதத்துக்கு மேல். அவர் மரமேசையில் உட்காருகிறார், நான் மணைப்பலகையில் உட்கார்ந்து எழுகிறேன். ஒரு மணி நேரத்தில் ஐயாயிரம் தடவை அப்படி எழுந்தால் முட்டி என்ன ஆகும்?

கிராங்க் குட்டையானால் பலம் குறைந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். 2001இல் மார்ட்டின், ஸ்பிர்டூசோ இருவரும் 120 மில்லிமீட்டர் முதல் 220 வரை ஐந்து நீளங்களில் வீரர்களை முழு வேகத்தில் ஓட்டவைத்துப் பார்த்தார்கள். 145க்கும் 170க்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஆகக் கூடிய பலத்துக்கும் ஆகக் குறைந்த பலத்துக்கும் இடையே கூட 4 சதவீதம் அளவுதான். பந்தய வீரர் தடேய் பொகாச்சார் 176 சென்டிமீட்டர் உயரம், 2024இல் 165 மில்லிமீட்டர் கிராங்க்குக்கு மாறிவிட்டார். அவருக்கே 165 என்றால் நமக்கு? நம் ஊர் டுங்கூன்காரர் அசிசுல்ஹஸ்னி அவாங் சைக்கிள் பந்தயத்தில் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வாங்கினார். அவரை உலகமே 'பாக்கெட் ராக்கெட்மேன்' என்றுதான் கூப்பிடுகிறது. குள்ளமாக இருப்பது சைக்கிளுக்குக் குறையில்லை.

சரி, எதை வாங்குவது? காசு இருந்தால் ஆப்போடு இணைந்து ஓடும் விலை உயர்ந்த ஸ்மார்ட் பைக் வாங்கலாம் என்று பலர் எழுதுவார்கள். வாஹூ கிக்கர் பைக்கில் கிராங்க் நீளத்தை மாற்ற ஐந்து துளைகள், ஆனால் மிகக் குட்டையானதே 165. டாக்ஸ் நியோ பைக்கில் 170க்குக் கீழே கிடையாது. ஒரு பழைய மைவி காரின் விலையைக் கொடுத்தும் நமக்கு மணைப்பலகைதான்.

ஸ்பின் பைக்கே வேண்டும் என்றால், கடையில் போய் ஏறிப் பார்க்காமல் வாங்காதீர்கள். கிராங்க்கின் உள்பக்கம் நீளத்தைப் பொறித்திருப்பார்கள், டார்ச் அடித்துப் பாருங்கள். சீட்டு மட்டும் அல்லாமல் ஹேண்டில்பாரும் முன்பின் நகர வேண்டும், பல மலிவு வண்டிகளில் அது மேலும் கீழும் மட்டும்தான் போகும். முழங்கையைச் சீட்டு மூக்கில் வைத்தால் விரல் நுனி பாருக்குக் கிட்டே வரவேண்டும் என்பது கடைக்காரர்களின் உத்தேசக் கணக்கு. வீட்டுக்கு வந்தபின் சீட்டு கொஞ்சம் உயரமாகத் தெரிந்தால், கூடவே வரும் குண்டுச் சீட்டைக் கழற்றிவிட்டு மெல்லிய சைக்கிள் சீட்டைப் போடுங்கள், இரண்டு சென்டிமீட்டராவது இறங்கும். மேலே ஜெல் உறை போடுவது நேர்மாறான வேலை. கிராங்க்கில் மாட்டி பெடலை அச்சுக்குக் கிட்டே கொண்டுவரும் சுருக்கித் தகடுகளும் கிடைக்கின்றன. நான் போட்டுப் பார்த்தேன். பெடல் வெளிப்பக்கம் தள்ளிப்போய்க் கால் அகலமாகிவிட்டது. ஸ்பின் பைக்கில் ஏற்கெனவே பெடல்கள் அகலம்தான், ஒடுங்கிய இடுப்புக்கு அதுவே அதிகம்.

கடைசியில் நான் செய்தது இது. அக்கா மகள் வளர்ந்து கைவிட்ட 24 அங்குலச் சக்கர மௌண்டன் பைக் ஒன்று கிடந்தது. பிள்ளைகளின் 24 அங்குல சைக்கிளில் கிராங்க் பெரும்பாலும் 152 மில்லிமீட்டர்தான் வரும், எனக்கு அது போதும். பெடல் மேலே வரும்போது 38 இருந்தது ஏறக்குறைய 42 ஆயிற்று. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை நேராக மாட்டும் டைரக்ட் டிரைவ் ட்ரெய்னர் ஒன்றைப் பழையதாக 900 மலேசிய வெள்ளிக்கு வாங்கினேன். இந்த வகையில் பின்சக்கர அளவு ஒரு பொருட்டே இல்லை. சக்கரத்தை உருளையில் உரசவிடும் வகையை நம்மைப் போன்றவர்கள் தவிர்க்கலாம், பலவும் 26 அங்குலத்துக்குக் கீழே ஏற்காது.

வாங்குமுன் பார்க்கவேண்டியது பின்னால் சக்கரம் உட்காரும் இடைவெளி. என்னுடையது 135 மில்லிமீட்டர், ட்ரெய்னரோடு வந்த துண்டுகளில் ஒன்று பொருந்தியது. பல்சக்கர எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும், அந்த வேலையை அங்களிடம் விட்டுவிட்டேன். இன்னொன்று: ட்ரெய்னர் பெரிய சக்கரத்தின் உயரத்துக்குச் செய்யப்பட்டது. ஆகவே என் சைக்கிளின் பின்பக்கம் மூன்றரை சென்டிமீட்டர் தூக்கிக்கொண்டு, சீட்டிலிருந்து முன்னால் சறுக்கிக்கொண்டே இருந்தேன். முன்சக்கரத்தின் கீழே ரப்பர்மரப் பலகைத் துண்டு இரண்டு வைத்ததும் சரியாயிற்று. 20 அங்குல மடக்கு சைக்கிளை மாட்டினால் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் தூக்க வேண்டிவரும், முடியும்தான்.

சுழல்சக்கர எடை, திரை, ஆப் இவற்றைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். திரையில் சாலை காட்டி ஓட்டவைக்கும் ஸ்விஃப்ட் (Zwift) ஆப்பில் மட்டும் உண்மையான உயரத்தையும் எடையையும் போடுங்கள், ஏற்றம் வரும்போது லேசானவர்களுக்குத்தான் கொண்டாட்டம். மிச்சமாகும் காசில் நல்ல மின்விசிறி வாங்குங்கள். கூரை விசிறி போதாது, நெஞ்சுக்கு நேராக நிற்கும் விசிறி வேண்டும். நம் ஊர் புழுக்கத்தில் வியர்வை சொட்டி ஹேண்டில்பார் திருகுகள் துருப்பிடித்துப் போகும், ஒரு துண்டைப் போர்த்திவிட்டு ஓட்டுங்கள்.

பழைய ஸ்பின் பைக்கை என் கொழுந்தனார் எடுத்துப்போனார். ஆறடி ஆள். அவருக்குக் கச்சிதமாக இருக்கிறதாம், ஏன் கொடுத்துவிட்டீர்கள் அண்ணி என்று இன்னும் கேட்கிறார்.