ஏடிசி தேர்வு: புத்தகத்தைத் திறக்கும் முன் கண் பரிசோதனை

கேள்வி: நான் பி.இ. மெக்கானிக்கல் முடித்தவன். வயது 26. சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் (ஏடிசி) ஆக வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். தினமும் இரண்டரை மணி நேரம்தான் கிடைக்கிறது. கோச்சிங் போகாமல் முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: முடியும். ஆனால் புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். கிண்டலாகச் சொல்லவில்லை. எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்குப் பின்னால் மருத்துவப் பரிசோதனை உண்டு. அதில் நிறம் பிரித்தறியும் திறனையும் பார்ப்பார்கள். ஆண்களிடம் நிறக் குறைபாடு அதிகம். அது இருப்பது பலருக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வராது. புள்ளிகளுக்கு நடுவே எண் தெரிகிறதா என்று பார்க்கும் இஷிஹாரா சோதனை பத்து நிமிட வேலை. கண்ணாடி போட்டிருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும்.

அடுத்தது காகிதங்கள். இந்திய விமான நிலைய ஆணையம் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் (ஏடிசி) பதவிக்குக் கேட்பது இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி., அல்லது ஏதாவது ஒரு பிரிவில் பி.இ. பொறியியல் படித்தவர்களுக்கு ஏதேனும் ஒரு செமஸ்டரிலாவது இயற்பியலும் கணிதமும் பாடமாக இருந்திருக்க வேண்டும். முதலாண்டில் நீங்கள் படித்திருப்பீர்கள்; அந்த மதிப்பெண் பட்டியலை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 27. ஓபிசி பிரிவுக்கு மூன்று ஆண்டும், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு ஐந்து ஆண்டும் தளர்வு உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் இடறி விழுவது இங்கேதான். நாம் கையில் வைத்திருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழை மத்திய அரசு நிறுவனத்தில் காட்டினால் செல்லாது. மத்திய அரசு படிவத்தில் ஓபிசி நான்-கிரீமிலேயர் (வசதி மிக்க பிரிவில் வராதவர் என்ற) சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு அலைந்து கடைசித் தேதியைக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

அறிவிப்பு எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் வருவதில்லை, இடங்களின் எண்ணிக்கையும் மாறும். 2023இல் 496 இடங்கள், 2025இல் 309. அதனால் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வந்த பிறகு கிடைக்கும் சில மாதங்கள் திருப்பிப் பார்க்கத்தான் போதும், புதிதாகப் படிக்கப் போதாது.

சரி, இப்போது தேர்வு. 120 கேள்விகள், 120 நிமிடம், கணினியில். தமிழில் வினாத்தாள் கிடையாது. முதல் பாதியில் ஆங்கிலம் 20, ரீசனிங் 15, கணக்குத் திறன் 15, பொது அறிவு 10. இரண்டாம் பாதி 60 கேள்வியும் கணிதமும் இயற்பியலும்தான். தவறான பதிலுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. உங்கள் அறிவிப்பில் இதெல்லாம் அப்படியே இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வங்கித் தேர்வு, எஸ்எஸ்சி (மத்திய அரசுப் பணியாளர் தேர்வு) என்று ஏற்கெனவே எழுதிப் பழகியவர்கள் இதே தேர்வுக்கும் வருவார்கள். முதல் பாதியில் அவர்களை முந்துவது கஷ்டம், முந்த வேண்டியதும் இல்லை. அவர்களில் பலர் இயற்பியலை விட்டு ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். ரேங்க் பிரியும் இடம் இரண்டாம் பாதி. உங்கள் இரண்டரை மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரத்தை அதற்கே கொடுங்கள்.

இதற்கென்று விலை உயர்ந்த புத்தகம் எதுவும் வேண்டாம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்கள்தான் அடித்தளம். பழைய பாடத்திட்டத்தில் படித்திருந்தால் இப்போதுள்ள புதிய பதிப்பை எடுங்கள்; இரண்டு மொழியிலும் கிடைக்கிறது. கருத்து புரியாத இடத்தில் தமிழ்ப் புத்தகத்தைப் பாருங்கள், கணக்கை ஆங்கிலப் புத்தகத்தில் போடுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் கணக்கு தெரியும்; ஆனால் கேள்வியில் ‘வொர்க் ஃபங்ஷன்’ என்று வந்தால் அது நாம் படித்த வெளியேற்று ஆற்றல்தான் என்று பிடிபட அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தை மிச்சப்படுத்த, பாடவாரியாக ஒரு சொற்பட்டியலை நீங்களே எழுதுங்கள். பள்ளிப் பாடத்துக்கு மேலே, முதலாண்டுப் பொறியியல் கணிதத்திலிருந்து அணிகள், வெக்டர் கால்குலஸ், வகைக்கெழுச் சமன்பாடுகள், லாப்லாஸ் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

படிக்கும் விதத்தை மட்டும் மாற்ற வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வுக்குப் படிப்படியாக எழுதிப் பழகிய கை இங்கே உதவாது. ஒரு உதாரணம்: முதல் வரிசையில் 4, 1, இரண்டாம் வரிசையில் 2, 3 உள்ள அணியின் ஐகன் மதிப்புகள் என்ன? சமன்பாடு எழுதிக் காரணிப்படுத்த இரண்டு நிமிடம் வேண்டாம். மூலைவிட்டத்தைக் கூட்டினால் 7, அணிக்கோவை 12 கழித்தல் 2, அதாவது 10. கூட்டினால் 7, பெருக்கினால் 10 வரும் இரண்டு எண்கள் 5, 2. அவ்வளவுதான். இயற்பியலில் இன்னொன்று: 400 நானோமீட்டர் ஒளி, வெளியேற்று ஆற்றல் 2.1 எலக்ட்ரான் வோல்ட் உள்ள உலோகத்தின் மேல் விழுகிறது என்பார்கள். பிளாங்க் மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் பத்தின் அடுக்குகளோடு எழுதிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். அவை இரண்டையும் பெருக்கினால் எலக்ட்ரான் வோல்ட், நானோமீட்டர் அலகில் 1240 வரும்; அதை 400ஆல் வகுத்தால் 3.1. அதில் 2.1 போக, அதிகபட்ச இயக்க ஆற்றல் 1 எலக்ட்ரான் வோல்ட். இந்த மாதிரிக் குறுக்குவழிகளை ஒரு நோட்டில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். கால்குலேட்டரைத் தொடவே தொடாதீர்கள்.

தொடங்குவதற்கு அணிகள், வெக்டர், கலப்பெண்கள், நிகழ்தகவு. இயற்பியலில் அலகுகளும் பரிமாணங்களும், மின்னோட்டம், ஒளியியல், குறைகடத்திகள். குறைந்த உழைப்பில் விடை தரும் பாடங்கள் இவை. நீளமான தொகையீட்டுக் கணக்குகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

நேரக் கணக்கு இப்படி இருக்கட்டும்: பொது அறிவுக்கு 4 நிமிடம், ஆங்கிலத்துக்கு 12, ரீசனிங்குக்கு 13, கணக்குத் திறனுக்கு 17. மொத்தம் 46. மிச்சம் 74 நிமிடத்தில் 70ஐ இரண்டாம் பாதிக்கு வைத்து, கடைசி நான்கில் விட்டுப்போனதை எல்லாம் நிரப்புங்கள். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தாலும் 20 கேள்விக்குச் சராசரியாக 5 மதிப்பெண் வரும். ஒரு கேள்வியைக்கூட வெறுமனே விட்டு வரக் கூடாது. ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போய் வரலாமா என்பதை மட்டும் அனுமதிச் சீட்டோடு வரும் குறிப்பில் பாருங்கள். போக முடியாது என்றால் இந்தக் கணக்கை மாற்ற வேண்டியிருக்கும்.

கோச்சிங் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாடம் நடத்த ஆள் தேவைப்படாவிட்டால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். நல்ல மாதிரித் தேர்வுத் தொகுப்பு ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் மாதிரித் தேர்வை எதுவும் படிக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே எழுதுங்கள். மதிப்பெண் கேவலமாக இருக்கும், இருக்கட்டும். எழுதிய நேரத்தைவிட அதிக நேரம் திருத்துவதற்குச் செலவிடுங்கள்.

ஆங்கிலம் 20 மதிப்பெண்ணோடு முடியாது. எழுத்துத் தேர்வுக்குப் பின் குரல் தேர்வு இருக்கிறது. அங்கே பார்ப்பது உச்சரிப்பு அழகை அல்ல, திக்காமல் தெளிவாகப் பேசுகிறீர்களா என்பதை. காரணம் இருக்கிறது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம், சவூதி விமானம் பறந்துகொண்டிருந்த 14,000 அடிக்கு இறங்கிவிட்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன செய்தியை விமானி அறையில் சரியாக வாங்கிக்கொள்ளாதது அதற்கு ஒரு பெரிய காரணமாகச் சொல்லப்பட்டது. பின்னாளில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆங்கிலத் தேர்ச்சி அளவைக் கட்டாயமாக்கியது. வானொலியில் ‘நைன்’ என்று சொல்லாமல் ‘நைனர்’ என்றும், ‘த்ரீ’யை ‘ட்ரீ’ என்றும் சொல்வதுகூட எண் மாறிக் கேட்டுவிடக் கூடாது என்பதற்குத்தான்.

அதனால் தினமும் கால் மணி நேரம் ஆங்கில நாளிதழை வாய்விட்டுப் படித்து ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் வாரம் உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது. பெரும்பாலும் வேகம்தான் பிரச்சினையாக இருக்கும். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குவோம். அதை மட்டும் சரிசெய்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு சின்ன விஷயம். போதைப்பொருள் சோதனையும் உண்டு. கோடீன் கலந்த இருமல் மருந்து சாப்பிட்டாலும் அதில் பிடிபட வாய்ப்பிருக்கிறது. அந்தச் சமயத்தில் மருந்து எடுக்க நேர்ந்தால் டாக்டர் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, மாதிரி கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.