சொல்லச் சொல்லிக் கேட்கலாமா? வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் தங்கள் கதையைச் சொன்னால் மனம் ஆறுமா, அது இன்னொருத்திக்கு நடப்பதைத் தடுக்குமா என்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டேன். நான் உளவளத்துணையாளர். மருந்து எழுதுவதும் வழக்குப் பேசுவதும் என் வேலை இல்லை.

கேள்வி (மாதர் சங்கத் தலைவி, மாங்குளம்): அக்கா, நவம்பர் 25 பெண்கள் மீதான வன்முறை ஒழிப்பு நாளுக்கு ஒரு பிள்ளையை மேடையில ஏத்தி அவவின்ர கதையைச் சொல்லுவிக்கச் சொல்லி காசு தாற நிறுவனம் கேக்குது. அவவும் ஓம் எண்டுட்டா. செய்யலாமா?

பதில்: அவ எந்த நிலையில் நின்று ஓம் சொன்னவ? உங்கட சங்கத்தில் கடன் எடுத்திருக்கிறாவா? கோழி வளர்ப்பு உதவிப் பட்டியலில் பெயர் கிடக்கா? கிடந்தால் உங்களுக்கு ‘மாட்டன்’ என்று சொல்ல அவவுக்கு வாய் வந்திராது. பிறகு, மேடைக்குக் கீழே யார் இருக்கப்போகினம் என்று பாருங்கோ. கிராம அலுவலர், மாமியின்ர சொந்தக்காரர், போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிற பெடியள். ஒருத்தன் லைவ் போட்டால் போதும், திருப்பி எடுக்க ஏலாது. பாதிக்கப்பட்டவரின் சம்மதமில்லாமல் அவரை அடையாளம் காட்டி வெளியிடுவது 1995 திருத்தத்துக்குப் பிறகு தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம்.

பலருக்கு நடந்ததைக் கலந்து, ஊர் பேர் மாற்றி, வேறொருவர் வாசிக்கலாம். அந்தப் பிள்ளை தான்தான் சொல்லவேணும் என்று நின்றால், மைக்கைக் கையில் வாங்கின பிறகும் வேண்டாம் என்று இறங்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கோ. அன்றிரவு அவவோடு யார் தங்கப்போகினம் என்பதையும் முடிவெடுங்கோ. கைதட்டு முடிந்து பந்தல் கழட்டின பிறகுதான் பலருக்கு நடுக்கம் தொடங்கும். நிறுவனங்களின் நிகழ்ச்சி நிரலில் அந்த இரவுக்கு ஒரு வரியும் நான் கண்டதில்லை.

கேள்வி (புதுக்குடியிருப்பு): 2009இல அக்காவுக்கு ஏதோ நடந்திருக்கு. இண்டைக்கு வரைக்கும் வாய் திறக்கேல்லை. எப்பிடியாவது கதைக்கவைச்சால் சுகம் வருமா?

பதில்: வற்புறுத்திச் சொல்லவைத்தால் வராது, தங்கச்சி. பேரிடருக்குப் பிறகு ஆட்களை ஒருமுறை கூட்டி இருத்தி நடந்ததையெல்லாம் கொட்டவைக்கிற முறை முந்தி உலகமெங்கும் இருந்தது. அது பின்னால் வருகிற மனவடு நோயைத் தடுக்கவில்லை என்று ஆய்வுகளில் தெரிந்தபடியால் இப்போது உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. முள்ளிவாய்க்காலால் வந்து, செட்டிக்குளம் முகாமில் கிடந்து, பிறகு காணி துப்புரவாக்கிக் கொட்டில் போட்ட காலத்தில் வாயை மூடிக்கொண்டதால்தான் பிள்ளைகளை வளர்த்தெடுத்த பெண்கள் இங்கே இருக்கினம். அதை நோய் என்று நான் சொல்லமாட்டன்.

நித்திரை இல்லை, உடம்பு முழுக்க உழைவு, ஆமிக்காரனைக் கண்டால் விறைத்துப்போறா என்றால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. கதை சொல்லியே குணப்படுத்துகிற முறை ஒன்றும் உண்டு. பயிற்சி பெற்றவர் தரையில் ஒரு கயிற்றை விரிப்பார். அதுதான் அவவின்ர வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். பிறப்பிலிருந்து வரிசையாக, பல அமர்வுகளில், ஒவ்வொரு கல்லாக எடுத்து ஆறுதலாகக் கதைப்பார்கள். அந்தக் கல்லுக்கு முன்னும் பின்னும் கயிறு கிடக்கிறதை அவவே பார்ப்பா. சுனாமிக்குப் பிறகு வடகிழக்குப் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். பலன் இருந்தது. ஆனால் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்த பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அதேயளவு பலன் இருந்தது. அதனால் கதைக்க விரும்பாதவருக்கும் வழி இருக்கு.

கேள்வி (வவுனியா, பெடியன்): நான் கட்டப்போறவ தனக்கு நடந்ததைச் சொல்லிட்டா. நான் பேசாமல் இருந்திட்டன். இப்ப என்ன சொல்ல?

பதில்: ‘அண்டைக்கு எனக்கு வாய் வரேல்லை. நீர் சொன்னதை நம்புறன். உம்மில பிழை இல்லை’ என்று சொல்லும் தம்பி. ஏன் தனியப் போனனீர், ஏன் கத்தேல்லை என்று கேட்கவேண்டாம். அதைச் செய்தவனைத் தேடிப் போய் அடிக்கவும் வேண்டாம், பிறகு அவ உமக்காகவும் பயப்படவேணும். உம்முடைய அம்மாவுக்குச் சொல்லுறதா இல்லையா என்பது அவவின்ர முடிவு.

கேள்வி (பெயர் வேண்டாம்): ஆம்பிளையளுக்கும் நடந்தது. ஆரும் கதைக்கிறேல்லை.

பதில்: நடந்தது. தடுப்புக்காவலில் இருந்த ஆண்களுக்கும் நடந்ததை 2015 ஐ.நா. விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. எங்கட சட்டத்தில் ‘வன்புணர்வு’ என்ற குற்றம் பெண்ணுக்கு மட்டுமே பொருந்தும். ஆணுக்கு நடந்தால் ‘பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம்’ என்று வழக்கு வரும். ஆண் ஒருவரோடுதான் கதைப்பேன் என்று மனநலப் பிரிவில் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி (ஆசிரியை, துணுக்காய்): கதை சொல்லி இதைத் தடுக்க ஏலுமா, மிஸ்?

பதில்: என்ன கதை என்பதைப் பொறுத்தது. நடந்த கொடுமையை விபரமாகச் சொன்னால் அடுத்த நாள் பெட்டைகளை ரியூசனுக்கு விடமாட்டார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் நின்றவர் என்ன செய்தார் என்ற கதைதான் வேலை செய்யும்.

கூத்துப் பார்த்து வளர்ந்த ஊர் எங்கட. அதனால் இடையில் நிறுத்துகிற நாடகம் சுலபமாக எடுபடும். ஒருமுறை நுண்கடன் வசூலிப்பவர் பொழுதுபட்ட பிறகு தனியாக இருக்கிற பெண்ணின் வீட்டுக்கு வந்து, தவணையைத் தள்ளிப்போட ‘வேற வழி’ இருக்கு என்று சிரிக்கிற காட்சியை நடித்துக் காட்டினோம். அதில் நிறுத்தி, ‘நீங்கள் பக்கத்து வீடு, என்ன செய்வீங்கள்?’ என்று கேட்டோம். ஒரு ஆச்சி எழும்பி வந்தா. சண்டை இல்லை, சத்தம் இல்லை. ‘பிள்ளை, இந்தத் தேங்காயைத் துருவித் தா’ என்று சொல்லி விறாந்தையில் கால் நீட்டி இருந்துவிட்டா. வந்தவர் பாத்திரம் போட்ட பெடியனுக்கு அடுத்த வசனம் வரவில்லை! அதுக்குப் பிறகு ஆண்களும் ஒவ்வொருவராக எழும்பி நடித்தார்கள். அரச அலுவலர் இப்படிக் கேட்டால் அது பாலியல் இலஞ்சம், 2023 ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் குற்றம் என்பதையும் அங்கேயே சொன்னோம்.

மாணவி ஒருத்தி தனக்கு நடந்ததை வகுப்பில் சொல்லத் தொடங்கினால், மெதுவாக நிறுத்தி வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கோ. ஒருவருக்கும் சொல்லமாட்டன் என்று மட்டும் வாக்குக் கொடுக்கவேண்டாம். சிறுவர் என்றால் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கவேணும். வளர்ந்த பெண்களுக்கு 1938.

கேள்வி (முல்லைத்தீவு): ஆணைக்குழு வந்தது, செயலணி வந்தது, வெளிநாட்டுக்காரர் வந்தினம். எல்லாருக்கும் சொன்னன். இன்னும் எத்தினை தரம் சொல்லுறது?

பதில்: இனிச் சொல்லாமல் விடலாம் அம்மா, உங்களை யாரும் குறை சொல்ல ஏலாது. 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2016இல் கலந்தாலோசனைச் செயலணி என்று எல்லாரும் எழுதிக்கொண்டுதான் போனவை. அடுத்தமுறை யாரும் வந்தால் முதலில் நீங்கள் கேளுங்கோ: இதை எங்கே வைப்பீங்கள், யார் பார்ப்பினம், எனக்குப் பிரதி தருவீங்களா? பதில் இல்லையென்றால் தேத்தண்ணி கொடுத்து அனுப்புங்கோ.

கேள்வி (கிளிநொச்சி): ஒரு கொப்பியில எல்லாம் எழுதி வைச்சிருக்கிறன். எரிச்சுப்போட்டால் நிம்மதி வருமெண்டு நினைக்கிறன்.

பதில்: எரிக்கலாம். ஆனால் அதுக்கு முதல் ஒன்று. கொலை, தேசத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்கு வழக்குத் தொடர 20 வருடக் கெடு இருக்கிறது. 2009இல் நடந்தது என்றால் 2029. இப்போது வேண்டாம் என்றிருந்தாலும் மனம் மாறலாம். திகதி, இடம், கண்டவர் பெயர் மூன்றையும் ஒரு தாளில் தனியாக எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கோ. சட்ட உதவி ஆணைக்குழுவில் வசதி குறைந்தவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லுவார்கள், கேட்டால் வழக்குப் போடவேண்டிய கட்டாயம் இல்லை. மிச்சப் பக்கங்களை என்ன செய்வதென்று நீங்களே பாருங்கோ.