ஒற்றை ஆளின் பட்டறை

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வயது 54. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் கொல்லையில் இருந்த கீற்றுக் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து அந்த இடம் வெறுமனே கிடக்கிறது. 12 அடிக்கு 10 அடி இருக்கும். அங்கே எனக்கென்று ஒரு தச்சுப் பட்டறையை, ஆள் யாரும் வைக்காமல் நானே கட்ட ஆசைப்படுகிறேன். வீட்டில் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். தனி ஆளாக இது நடக்குமா? முதலில் எந்த இயந்திரத்தை வாங்க வேண்டும்?

வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

நடக்கும். என் பட்டறையை நான் அப்படித்தான் கட்டினேன். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே வேலை செய்ததால் பதினான்கு மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் நான் கற்றுக்கொண்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: தனி ஆள் எடுத்துக்கொள்ளும் வேலை, எந்த நேரத்திலும் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோகக்கூடியதாக இருக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து செய்யும்போது ஒருவர் களைத்தால் இன்னொருவர் ஈடுகட்டுவார். நமக்கு அது இல்லை என்பதால், வேலையை நம் உடம்பின் அளவுக்கு நறுக்கிக்கொண்டாக வேண்டும்.

தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் 120 சதுர அடிக்கு 4 அங்குல கனத்தில் கான்கிரீட் போட்டால் 40 கன அடி வருகிறது. ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி என்ற கணக்கில் ஏறக்குறைய ஏழு மூட்டை சிமெண்ட் ஆகும். மொத்த எடை இரண்டரை டன்னுக்கும் மேல். கையால் கலந்து ஒரே நாளில் ஒருவர் போட்டு முடிக்கக்கூடியதல்ல இது. நாம் மூச்சு வாங்க நிற்கும் நேரத்தில் கலவை இறுகத் தொடங்கிவிடும். ஆகவே 10 அடி நீளமும் 3 அடி அகலமுமாக நான்கு பட்டைகளாகப் பலகை நிறுத்திப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றாவதையும் மூன்றாவதையும் முதலில் போட்டு, அவை இறுகியபின் பலகைகளைக் கழற்றி இடைப்பட்டவற்றை நிரப்பலாம். ஒரு நாளுக்கு ஒரு பட்டை, இரண்டு மூட்டைக்கும் குறைவு. ஈரச் சாக்கு போர்த்தி ஏழு நாளாவது தண்ணீர் காட்டுங்கள்.

அதற்கு முன் மட்டம் பார்க்க வேண்டும். நீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாயான டியூப் மட்டத்தை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடிப்பதுதான் வழக்கம். தனியாகப் பார்க்க, வாய் அகன்ற வாளி ஒன்றில் நீர் நிரப்பி நடுவே உயரமாக வையுங்கள். டியூபின் ஒரு முனையை அதற்குள் கட்டிவிட்டு, உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் நீரை இழுத்து, மறுமுனையோடு மூலைக்கு மூலை போய் நீர் நிற்கும் இடத்தில் கோடு போடலாம். டியூபில் இருக்கும் நீர் கொஞ்சம் என்பதால் வாளியின் மட்டம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறாது. அதைப் போலவே, முளையில் ஓர் ஆணியடித்து அளவு டேப்பின் கொக்கியை மாட்டிவிட்டால், மறுமுனையைப் பிடிக்க ஆள் தேவைப்படாது. மூலைகளை 6, 8, 10 அடி முக்கோணத்தால் செங்கோணமாக்கிவிட்டு, கடைசியில் இரண்டு குறுக்கு மூலைகளையும் அளந்து பாருங்கள். உங்கள் அளவுக்கு இரண்டும் 15 அடி ஏழரை அங்குலத்தை ஒட்டி, ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும்.

சுவருக்குச் செங்கலையே சொல்வேன். சாலிட் பிளாக் எனும் பெரிய சிமெண்ட் கல்லில் வேலை சீக்கிரம் முடியும் என்பார்கள். அதைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். செங்கல் ஒரு கைக்குள் அடங்கும், மறு கையில் கொத்துக் கரண்டி இருக்கும்.

கூரைதான் நான் கவலையோடு எழுத விரும்பும் பகுதி. உங்கள் கொட்டகை போன விதத்தை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். பலமான காற்று கூரையின் மேலே பாயும்போது கூரைத் தகட்டை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. கதவோ சன்னலோ திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தள்ளுகிறது. கூரையின் எடை அதைக் கீழே அழுத்திவைத்திருக்கும் என்று நம்பிக் கட்டுவதுதான் நம் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு. ஆகவே ஒன்பது அங்குலச் சுவராக எழுப்பி, உச்சிக்கு 3 அடி கீழேயே, அடிமுனை வளைத்த 12 மில்லிமீட்டர் கம்பிகளைச் சுவருக்குள் புதைத்து மேலே கொண்டுவாருங்கள். உச்சியில் சுவரைச் சுற்றிலும் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை (பெல்ட்) ஒன்று போட்டு, கூரைச் சட்டத்தை அந்தக் கம்பிகளோடு முடுக்குங்கள். தகட்டின் ஓரங்களில் ரப்பர் வாஷர் வைத்த திருகுகளை நெருக்கமாகப் போடுங்கள்.

தகடு ஏற்றும் அந்த ஒரு நாள் மட்டும் தனியாக இருக்காதீர்கள். 12 அடித் தகட்டின் எடை உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. ஏணியில் நிற்கும்போது காற்று வீசினால் அது பாய்மரத்தின் பாயைப் போலாகி உங்களையும் சேர்த்து இழுக்கும், அதைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கவும் முடியாது. வீட்டிலிருப்பவர்களைக் கூப்பிடுங்கள், மகிழ்ச்சியோடு வருவார்கள். மின்வேலையையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனிடம் கொடுத்து, நல்ல எர்த்தும் மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம் போடச் சொல்லுங்கள்.

இயந்திரம் எதையும் இப்போது வாங்க வேண்டாம். ஒரு கைவாள், ஓர் இழைப்புளி, கால், அரை, ஒரு அங்குல உளிகள், கொட்டாப்புளி, செங்கோணம் பார்க்கும் மூலமட்டம், சாணைக்கல், மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்கள் முடிந்த அளவு போதும். தனி ஆளுக்குக் கிளாம்ப்தான் இரண்டாவது ஜோடிக் கை. நம் தச்சர்கள் தரையில் அமர்ந்து காலாலேயே மரத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனை நுட்பமான வேலைகளைச் செய்திருக்கிறார்கள்! ஆனால் ஐம்பதைத் தாண்டிய முழங்காலுக்கு நின்று செய்யும் மேசைதான் நல்லது. நிமிர்ந்து நின்று, தொங்கும் கையின் உள்ளங்கையைத் தரைக்கு இணையாக மடக்குங்கள். அது தொடும் உயரமே இழைப்புக்கு ஏற்ற உயரம். எனக்கு அது 32 அங்குலம். தீட்டிய இழைப்புளி பூவரசின் மேல் சீராக ஓடி, சுருள் அறுபடாமல் கைமேல் வந்து விழும்போது உயரம் சரியா என்பதை உங்கள் தோளே சொல்லிவிடும். பின்னாளில் அறுவை இயந்திரம் வாங்கினால் தூசுக்கு முகமூடியும் அதனோடு வாங்குங்கள். மரத்தூசு புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது.

கதவு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் இரண்டரை அடி வாசல் வைத்தேன். உள்ளே செய்த முதல் அலமாரியை வெளியே கொண்டுவர, பசை காய்ந்த மூட்டுகளை அறுத்துப் பிரிக்க நேர்ந்தது. மூன்று மாத வேலை அது, இன்றும் வருத்தமாக இருக்கிறது. நீங்கள் இரட்டைக் கதவாக 4 அடி வையுங்கள். மழை எந்தப் பக்கத்திலிருந்து அதிகம் சாய்கிறது என்பதையும் கொல்லையின் வரைபடத்தையும் எழுதியனுப்பினால், வாசலை எந்தச் சுவரில் வைக்கலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்.