ஹெவி மெட்டல் இசை பிளாக் சபாத் குழுவிடமிருந்துதான் தொடங்கியது என்பது உண்மையா?

ஆம் என்பதே என் பதில். லெட் செப்பெலின், டீப் பர்ப்பிள் ஆகிய பிரிட்டிஷ் ராக் குழுக்களும் அதே காலத்தில் உரக்க வாசித்தவர்கள்தான் என்றாலும், இன்று மெட்டல் என்று நாம் கேட்கிற அந்தக் கனத்த, இருண்ட ஒலி இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து ஆஸ்டன் பகுதியிலிருந்து வந்த பிளாக் சபாத்தின் நான்கு தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளிடம்தான் முதலில் உருப்பெற்றது. அதற்கு ஒரு தொழிற்சாலை விபத்தும் காரணம்.

குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமிக்கு அப்போது வயது 17. உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் அவருடைய கடைசி வேலைநாளன்று, எந்திரம் வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைப் பறித்துக்கொண்டது. இடக்கைப் பழக்கம் உள்ளவராதலால், தந்திகளை அழுத்த வேண்டிய கை அதுதான். அவர் பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி உருட்டி, விரல் நுழையும்படி சூட்டுக்கோலால் துளையிட்டு, தேய்த்து, மேலே தோலை ஒட்டி, விரல்நுனிக் கவசங்களைத் தாமே செய்துகொண்டார்.

தடித்த தந்திகள் வலித்ததால் மெல்லிய தந்திகளைத் தேடினார். பேஞ்சோ தந்தியைக்கூடப் பூட்டினார். 1971இல் வெளியான மூன்றாவது ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் சில பாடல்களுக்குச் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கினார். என் கிட்டாரிலும் அவ்வாறு இறக்கிப் பார்த்திருக்கிறேன்: தந்தி தளர்ந்து விரலுக்கு இதமாகிறது, ஆறாவது தந்தியைத் தட்டினால் மரத்தின் அதிர்வு வயிறு வரை வருகிறது. பிற்காலத்து மெட்டல் குழுக்கள் பலவும் சுருதியை இறக்கி வாசிப்பது இந்த வழியில்தான்.

1970 பிப்ரவரி 13இல் வந்த முதல் ஆல்பத்தின் பெரும்பகுதி ஒரே நாளில் பதிவானது. அதன் தலைப்புப் பாடல் மூன்றே சுரங்களில் நிற்கிறது: ஒரு சுரம், அதன் மேல்ஸ்தாயி, பிறகு ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்திமம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு தள்ளி இன்னொன்று. மழையும் மணியோசையும் அடங்கியதும் அந்த மூன்றாம் சுரம் வந்து விழுகையில் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது.

பாடல் வரிகளைப் பெரும்பாலும் எழுதியவர் பாஸ் கிட்டார் வாசித்த கீசர் பட்லர். ஏழைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுப் பாதுகாப்பாக ஒதுங்கிக்கொள்ளும் அதிகாரத்தைச் சாடும் 'வார் பிக்ஸ்' அவருடைய உச்சம். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் 1979இல் நீக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக வந்த ரோனி ஜேம்ஸ் டியோ பாடிய 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பம் (1980) ஏறக்குறைய வேறொரு குழுவின் ஆக்கம், ஆயினும் மிகச் சிறந்தது. பிந்தைய ஆள்மாற்றங்களை விட்டுவிடலாம்.

2025 ஜூலை 5இல் ஆஸ்டனிலேயே இருக்கும் வில்லா பார்க் மைதானத்தில், டிரம்ஸ் கலைஞர் பில் வார்ட் உட்பட முதல் நால்வரும் மீண்டும் சேர்ந்து வாசித்தனர். அவர்களைக் கேட்டு வளர்ந்த மெட்டல் குழுவான மெட்டாலிகா அதே மேடையில் அவர்களுக்கு முன்பாக வாசித்தது. பார்க்கின்சன் நோயால் நிற்க இயலாத ஆஸி அரியணை போன்ற இருக்கையில் அமர்ந்தே பாடினார். 17 நாள்கள் கழித்து, ஜூலை 22இல், காலமானார்.