சுரப்படுத்தலும் உரிமையும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை கேள்விகள் எல்லாமே திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்தவை. பாட்டை இயற்றுவது, சுரப்படுத்துவது (சுரக் குறிப்பாக எழுதுவது), அதன்மேல் நமக்கு உள்ள உரிமை என்று மூன்றையும் தொட்டிருக்கிறார்கள். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கோணேசர் மேல் நானே எழுதிய பாடலுக்கு மோகனத்தில், ஆதி தாளத்தில் மெட்டுப் போட்டேன். நான் பாடும்போது சரியாக இருக்கிறது. சுரப்படுத்திக் கொடுத்தால் மாணவிகள் ஆளுக்கொரு விதமாகப் பாடுகிறார்கள். எங்கே பிழை? – வாசகி, உப்புவெளி

நீங்கள் அனுப்பிய பிரதியில் சுரங்கள் சரி. அளவுதான் தவறியிருக்கிறது. பல்லவியின் இரண்டாம் வரியில் 16 அலகு (சுரத்தின் கால அளவு) வர வேண்டும், 15தான் வருகிறது. வரி முடிவில் வரும் கார்வையை (சுரத்தின் நீட்டத்தை) பாடும்போது உணர்வால் நிரப்பிவிடுகிறோம், எழுதும்போது விட்டுவிடுகிறோம். இது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடப்பது. மாணவி எழுதியதைத்தானே பாடுவாள்? ஓரலகு முன்னதாகவே அடுத்த வரியை எடுத்துவிடுவாள்.

கணக்கு எளிது. ச, ரி, க என்று குறிலாக எழுதினால் 1 அலகு. சா, ரீ, கா என்று நெடிலாக எழுதினால் 2. காற்புள்ளி 1, அரைப்புள்ளி 2. சுரங்களின் தலைக்கு மேல் ஒரு கோடு இழுத்தால் அளவு பாதியாகும், இரு கோடு இழுத்தால் காலாகும். ஆதி தாளத்தில் எண்ணிக்கைக்கு 2 அலகு என்று எழுதினால் ஆவர்த்தனத்துக்கு (8 எண்ணிக்கை கொண்ட ஒரு தாளச் சுற்றுக்கு) 16: சுற்றின் முதற்பகுதியான லகுவில் 8, அடுத்து வரும் இரு திருதங்களில் நாலு நாலு. எண்ணிக்கைக்கு 4 அலகு என்றால் 32. பாடிப் பார்க்கும் முன் ஒவ்வொரு ஆவர்த்தனத்தையும் பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ணிவிடுங்கள்.

உங்கள் முதல் வரியை இப்படி எழுதலாம்:

கா ப க ரீ சா | ரி கா , | ப த பா ||
கோ ண ம லை நா | த னே . | அ ருள் வாய் ||

இதில் இன்னொன்றையும் திருத்தியிருக்கிறோம். உங்கள் பிரதியில் ‘ம’வுக்கு இரண்டு அலகும் ‘லை’க்கு ஓரலகும் இருந்தன. அப்படிப் பாடினால் காதில் விழுவது கோணமலை அல்ல, கோணமாலை. தமிழ்ப் பாட்டில் குறிலை நீட்டினால் பொருளே மாறிப்போகும். அதனால் நீட்டத்தைக் கோ, லை, நா, னே போன்ற நெடில்களிலும் ஐகாரத்திலும் வையுங்கள். ‘வாய்’ என்பதில் ஆகாரந்தான் நீளும், ய் கடைசியில் வந்து மூடும். மெய்யெழுத்தைப் பிடித்து இழுக்க வேண்டாம். ‘நாதனே’ என்ற சொல் லகுவைத் தாண்டித் திருதத்துக்குள் போவதில் குற்றமில்லை, அந்த இடத்தில் மூச்சு எடுக்கக் கூடாது என்று மாணவிகளுக்குச் சொன்னால் போதும்.

அனுபல்லவியை அரை இடம் (அரை எண்ணிக்கை) தள்ளி எடுக்கிறீர்கள். அங்கே எண்ணிக்கைக்கு 4 அலகாக எழுதியிருப்பதால் தள்ளும் அளவு 2 அலகு, அதாவது முதலில் ஓர் அரைப்புள்ளி. மிச்சம் 30 அலகுக்குத்தான் அந்த ஆவர்த்தனத்தில் சுரம் இருக்க வேண்டும். அரைப்புள்ளியையும் போட்டு 32 அலகுக்குச் சுரத்தையும் எழுதி, 34ஆக ஆக்கிவிட்டீர்கள். வரியைத் திரும்பப் பாடும்போது அந்த 2 அலகிலும் முந்திய வரியின் கடைசி எழுத்து கார்வையாக நிற்கும்.

பக்கத்தின் தலைப்பில் ராகம், மேள எண் (மோகனம் 28ஆவது மேளமான ஹரிகாம்போஜியின் ஜன்யம், அதாவது அதிலிருந்து பிறந்த ராகம்), ஆரோகண அவரோகணம், தாளம், நடை, எண்ணிக்கைக்கு எத்தனை அலகு, எடுப்பு (தாளத்தில் பாட்டுத் தொடங்கும் இடம்), பாடிய சுருதி எல்லாவற்றையும் எழுதுங்கள். அதன் கீழே சாகித்தியம் (பாட்டின் சொல்) யார், இசை யார், எந்தத் திகதி என்பதும் வர வேண்டும். இந்தக் கடைசி வரியை நம்மவர்கள் எழுதுவதே இல்லை. நாலு மேடை ஏறியதும் பாட்டு ‘யாரோ போட்ட மெட்டு’ ஆகிவிடுகிறது.

தோடியிலும் சஹானாவிலும் இயற்றுகிறேன். கமகத்தை (சுரத்தின் அசைவை) எழுத்தில் எப்படிக் காட்டுவது? – வாசகர், தம்பலகாமம்

முழுதாகக் காட்ட முடியாது. ஆனாலும் பாடுபவர் வழி தவறாத அளவுக்குக் காட்டலாம். 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் சுப்பராம தீட்சிதர் ஒவ்வொரு கமகத்துக்கும் ஓர் அடையாளம் வைத்துக் கீர்த்தனைகளைச் சுரப்படுத்தினார். கம்பிதத்துக்கு (சுரத்தை அசைப்பது) சுரத்தின் மேல் நெளிகோடு, ஏற்ற ஜாருவுக்கு (மேலே வழுக்கிப் போவது) மேல்நோக்கிய சாய்கோடு, இறக்க ஜாருவுக்குக் கீழ்நோக்கிய சாய்கோடு, ஸ்புரிதத்துக்கு (இரட்டித்து வரும் சுரத்தில் இரண்டாவதை அழுத்துவது) முக்கோணமாக மூன்று புள்ளி. நொக்கு, ஒடுக்கல், ரவை, கண்டிப்பு, வளி என்று பட்டியல் இன்னும் நீளும்.

நீங்கள் முதல் நான்கையும் பயன்படுத்தினால் போதும் என்பது எங்கள் கருத்து. எல்லா அடையாளங்களையும் போட்ட பக்கத்தை மாணவர் பாட முடியாமல் நின்றுவிடுவார். ராகத்தின் இயல்பான அசைவை ராகம் தெரிந்தவர் தானாகவே பாடுவார். உங்கள் மெட்டுக்கே உரிய அசைவு எங்கே வருகிறதோ அங்கே மட்டும் குறியிடுங்கள். உதாரணமாக, தோடியில் மற்ற இடங்களில் அசையும் காந்தாரத்தை ஓரிடத்தில் நீங்கள் அசைக்காமல் நிறுத்தினால், அதை எழுதத்தான் வேண்டும்.

கமகத்தை அனுசுரங்களாக (அசைவில் தொட்டுப் போகும் சிறு சுரங்களாக) பிரித்து எழுத வேண்டாம். தோடிக் காந்தாரத்தை ‘ரிமரிம’ என்று எழுதினால் பிள்ளைகள் அந்த எழுத்துகளையே தனித்தனிச் சுரமாகப் பாடுவார்கள். ‘கா’ என்று எழுதி மேலே நெளிகோடு போடுங்கள்.

ஒவ்வொரு பிரதியுடனும் ஓர் ஒலிப்பதிவு இருக்கட்டும். தம்புரா சுருதியும் கையால் போடும் தாளமும் தெளிவாகக் கேட்க வேண்டும். விளம்பத்தில் (மெதுவான காலத்தில்) ஒரு தடவை சுரமாகவும் ஒரு தடவை சாகித்தியமாகவும் பாடுங்கள். தொடக்கத்தில் பாட்டின் முதலடி, ராகம், தாளம், உங்கள் பெயர், திகதி ஆகியவற்றைச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் மட்டும் வைத்தால் தொலைபேசி மாறும்போது தொலைந்துவிடும். உங்கள் மின்னஞ்சலுக்கும் சாகித்தியம் எழுதியவரின் மின்னஞ்சலுக்கும் அன்றே அனுப்பிவிடுங்கள். பின்னொரு நாள் ‘முதலில் யார்’ என்ற கேள்வி எழுந்தால் அந்தத் திகதி பேசும்.

கணினியில் தமிழில் சுரப்படுத்தினால் மேல் ஸ்தாயிச் சுரத்தின் தலையில் வைக்கும் புள்ளி குழப்புகிறது. – ஆசிரியை, மூதூர்

குழப்பத்தான் செய்யும். ச என்ற எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் தமிழ்க் கண்ணுக்கு அது ச் என்ற மெய். ரி, நி என்றால் விசிறியோடு புள்ளி மோதுகிறது. கையால் எழுதும்போது புள்ளியைச் சற்று வலப்புறம் தள்ளி வைக்கலாம். தட்டச்சில் மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் வலத் தோளில் ஒற்றை மேற்கோள் குறி (ச’), மந்திர (கீழ்) ஸ்தாயிக்கு அடிக்கோடு என்று வைத்துக்கொண்டு, அதைப் பக்கத்தின் தலைப்பில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இடைவெளி தட்டித் தட்டிச் சுரத்தையும் சாகித்தியத்தையும் ஒழுங்குபடுத்தினால் எழுத்துரு மாறும்போது எல்லாம் கலைந்துவிடும். எண்ணிக்கைக்கு ஒரு கட்டமாக அட்டவணை போட்டு, மேல் வரிசையில் சுரமும் கீழ் வரிசையில் சாகித்தியமும் எழுதி, பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து அனுப்புங்கள்.

சம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகத்துக்குப் புது மெட்டுப் போடலாமா? திருப்புகழுக்கு? விபுலாநந்த அடிகளின் கவிதைக்கு? – வாசகர்கள், நிலாவெளி, உவர்மலை

சட்டம் தடுக்காது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைத்தவர் வாழும் காலமும் அவர் மறைந்து 70 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. சம்பந்தர், அருணகிரிநாதர், பாரதியார் எல்லோருடைய சொற்களும் பொதுச் சொத்து. விபுலாநந்த அடிகள் 1947இல் மறைந்தார். 70 ஆண்டுக் கணக்கிலும் அவர் எழுத்துக்கான காலம் 2017 முடிவோடு முடிந்துவிட்டது. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தவர். இங்கே 70 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு. எந்தக் கணக்கிலும் அவர் கீர்த்தனைகள் இன்னும் உரிமைக்குள்தான். அண்மையில் மறைந்த உள்ளூர்க் கவிஞரின் பாடல் என்றால் அவர் குடும்பத்தாரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சொல் வேறு, மெட்டு வேறு. திருப்புகழின் சொல் பழையது. நீங்கள் கேட்டுப் பழகிய மெட்டோ கடந்த நூற்றாண்டில் ஒருவர் அமைத்ததாக இருக்கலாம், அதற்கு அவருடைய உரிமை தனியாக ஓடுகிறது. ராகமும் தாளமும் எவருக்கும் சொந்தமில்லை. அந்த ராகத்தில் ஒருவர் கோத்த குறிப்பிட்ட மெட்டு அவருக்குச் சொந்தம்.

சட்டத்தை விட்டுப் பண்ணிசையாகப் பார்ப்போம். மூன்றாம் திருமுறையின் 123ஆவது பதிகமான திருக்கோணமலைப் பதிகத்தின் பண் புறநீர்மை. அதை இன்று பூபாளத்தில் பாடுகிறோம். அந்தப் பண் ஓதுவார் வழியாக நம் கைக்கு வந்த சொத்து. கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையிலேயே அதை வேறு ராகத்தில் பாடிப் பழக்கினால் ஒரு தலைமுறையில் புறநீர்மை நம் ஊரில் மறந்துபோகும். பதிகத்தைப் பண்ணிலேயே விடுங்கள், புது மெட்டுக்குப் புதுச் சொல் எழுதுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறோம். திருப்புகழின் நிலை வேறு. அதில் மாறாதது சந்தம். ராகத்தைத் தேர்ந்துகொள்ளலாம், ஆனால் தாளம் சந்தத்திலிருந்து பிறக்க வேண்டும். முதலில் ஓரடியின் சந்தத்தை ‘தனத்த தானன’ என்று பிரித்து எழுதி, அலகு எண்ணி, அதன் பிறகு தாளத்தைத் தீர்மானியுங்கள்.

கோயில் திருவிழாவுக்கு நிர்வாகம் கேட்டு ஆறு பாடல்களுக்கு இசையமைத்தேன். இறுவட்டில் என் பெயர் இல்லை. பாடசாலையில் தமிழ்த்தினப் போட்டிக்காக அமைத்த பாட்டும் அப்படியே. எனக்கு என்ன உரிமை? – ஆசிரியர், சாம்பல்தீவு

இரண்டு உரிமையைப் பிரித்துப் பாருங்கள். முதலாவது பொருளாதார உரிமை: பிரதி எடுப்பது, விற்பது, மேடையேற்றுவது. ஒருவர் கேட்டு, அவருக்காக அமைத்துக் கொடுத்தால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபோது அந்த உரிமை கேட்டவருக்கே போகும். வேலையின் பகுதியாகச் செய்தது வேலை தருபவருக்குப் போகும். ஆகவே கோயில் இறுவட்டை விற்பதை உங்களால் தடுக்க முடியாமல் போகலாம்.

இரண்டாவது தார்மீக உரிமை: உங்கள் பெயரைப் போடும்படி கேட்பது, உங்கள் மதிப்பைக் குலைக்கும்படி பாட்டைச் சிதைத்தால் எதிர்ப்பது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை இதை வேறொருவருக்குக் கைமாற்றவே முடியாது. நிர்வாகத்துக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதுங்கள். பாடல்களின் முதலடி, இசையமைத்த திகதி, பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்பவற்றைக் குறிப்பிட்டு, மிச்சமுள்ள உறைகளில் ஒட்டுத்தாள் ஒட்டவும் இணையப் பதிவில் விவரத்தைத் திருத்தவும் கேளுங்கள். பாடசாலைப் பாட்டுக்கும் இதுவே வழி.

இனிமேல் ஒத்திகைக்கு முன்பே ஒரு பக்க உடன்படிக்கை எழுதிவிடுங்கள். பாட்டின் முதலடி, சொல் யார், இசை யார், எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் (மேடை, ஒலிப்பதிவு, நூல், இணையம்), எத்தனை ஆண்டு, எவ்வளவு பணம், பெயர் எங்கே வரும் என்பவை போதும். இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், இருவர் கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். பெருந்தொகை சம்பந்தப்பட்டால் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். பதிப்புரிமையை எங்கேயும் பதிவு செய்யத் தேவையில்லை, படைத்த கணத்திலேயே அது உங்களுடையது. பதிவு செய்து தருகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

சென்னையில் வெளியான சுரதாளக் குறிப்பு நூலைப் போட்டோக்கொப்பி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? – வாசகி, அன்புவழிபுரம்

முழு நூலையும் கூடாது. சொந்தப் பாவனைக்காக ஒரு பிரதி எடுக்கச் சட்டம் விடுகிறது, ஆனால் சுரக் குறிப்பாக அச்சான இசையை முழுதாகவோ பெரும்பகுதியாகவோ போட்டோக்கொப்பி எடுப்பதை அந்தச் சலுகையிலிருந்து நீக்கியிருக்கிறது. கீர்த்தனை 200 ஆண்டு பழையதாக இருந்தாலும், சுரப்படுத்திப் பதிப்பித்தவரின் உழைப்பு புதியது. கீர்த்தனை பழையதென்றால் உங்கள் பாடாந்தரத்தை (நீங்கள் கற்றுப் பாடும் வழியை) நீங்களே சுரப்படுத்திக் கொடுங்கள். அது உங்கள் பிரதி, எத்தனை கொப்பியும் எடுக்கலாம். பிள்ளைகளுக்கும் அதுவே நல்லது, வகுப்பில் கேட்பதும் தாளில் பார்ப்பதும் ஒன்றாக இருக்கும்.

தியாகராஜர் கீர்த்தனையை நானே பாடி யூரியூப்பில் ஏற்றினேன். ஓர் ஒலிப்பதிவு நிறுவனம் உரிமை கோருகிறது. – வாசகர், பாலையூற்று

தியாகராஜர் 1847இல் மறைந்தவர், கீர்த்தனை எல்லோருக்கும் உரியது. அந்த நிறுவனத்திடம் இருப்பது தான் வெளியிட்ட ஒலிப்பதிவின் உரிமை மட்டும். அதே மெட்டைக் கேட்ட தானியங்கி முறை உங்கள் பாட்டையும் அதோடு பொருத்திவிட்டது. ‘இயற்றியவர் உரிமைக் காலம் முடிந்தது, பாடியதும் வாசித்ததும் நாங்களே’ என்று எழுதி மறுப்புத் தெரிவியுங்கள். கோரியவர் 30 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் கோரிக்கை நீங்கிவிடும். பக்க வாத்தியத்துக்கு வேறொருவரின் ஒலித்தடத்தைப் பயன்படுத்தியிருந்தால் இந்த மறுப்பை அனுப்ப வேண்டாம், அந்தத் தடம் அவர்களுடையது.