பி.டி.ஏ.வுக்குப் பெயர் கொடுத்தீர்களா?

கேள்வி: என் மகள் எட்டாவது படிக்கிறாள். ஜூனில் ஸ்கூல் திறந்த கையோடு ஃபீஸை ஏற்றிவிட்டார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் எல்லாரும் கத்தினோம், ஸ்கூல் வாயே திறக்கவில்லை. பெற்றோர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்களா?
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: கோபத்தில் நியாயம் இருக்கிறது, கொண்டுபோய்க் கொட்டிய இடம்தான் தப்பு. குழுவில் நீங்கள் நள்ளிரவு வரை பொங்கியதற்குப் பதில் சொல்லும் கட்டாயம் பிரின்சிபாலுக்குக் கிடையாது. ஆனால் மகாராஷ்டிரத்தில் பள்ளிக் கட்டணத்துக்கென்றே 2011-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி தனியார் பள்ளி, கல்வி ஆண்டு தொடங்க ஆறு மாதம் இருக்கும்போதே புதுக் கட்டணத்தைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் (அதுதான் பி.டி.ஏ.) செயற்குழு முன்னால் வைக்க வேண்டும், முடிவான தொகையை இரண்டு வருஷத்துக்கு மாற்றக் கூடாது. ஜூனில் நீங்கள் கொதித்த விஷயம் போன டிசம்பருக்குள்ளேயே அந்தக் கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். வந்ததா, யார் யார் ஒப்புக்கொண்டார்கள் என்று கடிதமாக எழுதிக் கேளுங்கள். நகலில் ஆபீஸ் முத்திரை வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.

இன்னொன்று. அந்தச் செயற்குழுவில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பெற்றோர் உண்டு, விருப்பம் தெரிவித்தவர்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுப்பார்கள். நீங்கள் பெயர் கொடுத்தீர்களா? என் பையன் படித்தபோது அவன் வகுப்பில் கொடுத்தவர்கள் இரண்டே பேர், அதில் நான் ஒருத்தி. மற்றவர்களுக்கெல்லாம் அன்றைக்கு ஆபீஸ், லோக்கல் ட்ரெயின், தலைவலி. ஃபீஸ் ஏறியதும் அவர்கள்தான் அதிகம் கத்தினார்கள்!

கேள்வி: எங்கள் பி.டி. பீரியடை எல்லாம் கணக்கு மிஸ் எடுத்துக்கொள்கிறார். எங்களிடம் யாராவது கேட்டார்களா?
- ஒன்பதாம் வகுப்பு மாணவன், டோம்பிவிலி

பதில்: உன்னிடம் கேட்டிருக்க மாட்டார்கள் தம்பி. ஆனால் பெற்றோர் ஆசிரியரைச் சந்திக்கும் ஓபன் டேயில் வரிசையாக வந்து உட்கார்ந்து, "போர்ஷன் எப்போ முடிப்பீங்க, பக்கத்து ஸ்கூலில் முடிச்சுட்டாங்களே" என்று மிஸ்ஸைக் குடைந்தது யார் என்று வீட்டில் கேட்டுப் பார். உன் ஸ்கூல், பெற்றோர் சொன்னதைக் கேட்டுத்தான் உன் பந்தைப் பிடுங்கியிருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். அதனால் முதலில் அம்மா அப்பாவிடம் பேசு, அப்புறம் வகுப்பே சேர்ந்து வாரத்தில் ஒரு பீரியடையாவது விடச் சொல்லி எழுதி, மானிட்டர் கையில் கொடுத்தனுப்புங்கள். மழை விட்டதும் கொடுங்கள், இப்போது கொடுத்தால் மைதானத்தில் நிற்கும் தண்ணீரைக் காட்டியே மிஸ் தப்பித்துவிடுவார்.