தொட்டியை பாக்காமலே வர்ற பதில்

மீன் வளர்ப்பு கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்துல புது தொட்டி வாங்கி வச்சேன். மீன் விட்டா ஒரு வாரம் தாங்க மாட்டேங்குது, மேல வந்து வாயை வாயை திறக்குது, காலையில பாத்தா செத்து கிடக்குது. எங்க வாட்ஸ்ஆப் குரூப்ல கேட்டேன், ஒரே நிமிஷத்துல ஒருத்தர் எட்டு பாயின்ட்ல பதில் போட்டாரு, நடுநடுவுல மீன் பொம்மை வேற. ஹீட்டர் போட்டு 26 டிகிரியில வைங்க, வாரம் ஒருக்கா கால்வாசி தண்ணி மாத்துங்க, ஃபில்டரை சுத்தமா வைங்கனு. எல்லாம் செஞ்சேங்க. ஞாயித்துக்கிழமையானா ஸ்பாஞ்சை குழாயடியில வச்சு அழுக்கே இல்லாம பிழிஞ்சு கழுவிடறேன். இப்பவும் சாகுதுங்க. அவரு ஏஐ கிட்ட கேட்டு அப்படியே ஒட்டினாருனு அப்புறம் தான் தெரிஞ்சுது.
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: தம்பி, உங்க கடிதத்துல கடைசிக்கு முன்னாடி எழுதியிருக்கீங்க பாருங்க, குழாயடி, ஸ்பாஞ்ச், அங்க தான் விஷயம் இருக்கு. மீன் கழிவுல இருந்தும் மிச்ச தீனியில இருந்தும் அம்மோனியா வரும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும். முதல் ரெண்டும் மீனுக்கு விஷம், நைட்ரேட் அந்தளவுக்கு மோசம் இல்ல, தண்ணி மாத்தும்போது போயிரும். இந்த பாக்டீரியா புது தொட்டியில குடியேற சாதாரணமா 4 வாரத்துல இருந்து 6 வாரம் ஆகும், அதுவும் பெரும்பாலும் அந்த ஸ்பாஞ்சுல தான் உக்காரும். நீங்க வாராவாரம் குளோரின் கலந்த குழாய் தண்ணியில அதை கழுவி விட்டுடறீங்க. அப்புறம் எங்க இருந்து தொட்டி பழகும்?

அந்த எட்டு பாயின்டையும் தனித்தனியா எடுத்து பாத்தா பெருசா தப்பு சொல்ல முடியாதுங்க. ஃபில்டரை சுத்தமா வைக்கணும், சரி தான். எந்த தண்ணியில, எவ்வளவு அழுத்தி, அது இல்லையே. தொட்டி வச்சு எத்தனை நாளாச்சு, எத்தனை மீன் விட்டீங்க, காவேரி தண்ணியா போர் தண்ணியா, ஏர் மோட்டார் ராத்திரியும் ஓடுதா, ஒரு கேள்வி கூட வரல. கடைவீதி பக்கம் மீன் விக்கிற பெரியவர் யாரையாவது கேளுங்க, தொட்டி வச்சு எத்தனை நாளாச்சுனு தான் முதல்ல ஆரம்பிப்பாரு. ஏஐயும் கேக்க வச்சா கேக்கும். ஆனா அந்த மனுஷன் மீன் வாயை திறக்குது என்ன பண்றதுனு ஒரு வரி அடிச்சிருப்பாரு, அதுவும் உலகத்துல எல்லா தொட்டிக்கும் பொருந்துற மாதிரி ஒண்ணை கொடுத்திருக்கு. உங்களுக்கு தெரிஞ்சதுல பாதி கூட அவருக்கு தெரியாது.

அப்புறம் ஹீட்டர். சித்திரை மாசம் சேலத்துல தொட்டி தண்ணி தானாவே 30 டிகிரிய தாண்டி நிக்குது, இதுல ஹீட்டரு! 20 டிகிரி தண்ணியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரைக்கும் ஆக்ஸிஜன் கரையும், 30 டிகிரியில ஏழரை தான். மீன் மேல வந்து வாயை திறக்கறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ஹீட்டரை கழட்டி வைங்க, காத்து குமிழி விடற ஏர் ஸ்டோனை நல்லா திறந்து விடுங்க, ரெண்டு மூணு நாள் தீனிய நிறுத்துங்க, ஆன்டி குளோரின் போட்ட தண்ணியில தினமும் கால்வாசி மாத்துங்க. ஸ்பாஞ்சை இனிமே தொட்டியில இருந்து எடுத்த பழைய தண்ணியில லேசா ரெண்டு அழுத்து அழுத்தினா போதும், அழுக்கா தெரிஞ்சா தெரியட்டும். அம்மோனியா டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்குங்க, தண்ணி அமிலமா காரமானு காட்டற பிஹெச்சும் பாருங்க, ஏன்னா அதே அளவு அம்மோனியா பிஹெச் 7ல இருக்கறத விட 8ல ஏறக்குறைய 10 மடங்கு விஷமா இருக்கும், நம்ம ஊர்ல போர் தண்ணி பல வீட்டுல 7க்கு மேல தான் நிக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டுற வரைக்கும் புது மீன் வேணாம்.

கேள்வி: நாங்க ஏற்காட்டுல இருக்கோம். மார்கழியில கப்பி மீன் எல்லாம் மூலையில ஒடுங்கி செத்துருச்சு. தமிழ்நாடு வெப்பமான இடம், ஹீட்டர் தேவையில்லைனு ஏஐ சொல்லுச்சுங்க. என்ன செய்யலாம்?
– வாசகி, மஞ்சக்குட்டை

பதில்: கீழ வேண்டாத ஹீட்டரை போட சொல்லுது, மேல வேணுங்கிறத வேணாங்குது. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவுல 20 கொண்டை ஊசி வளைவு இருக்கறது அதுக்கு எப்படி தெரியும்ங்க, நாம சொன்னா தானே. கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரத்துல மார்கழி ராத்திரி குளிருக்கு கப்பி தாங்காது, அதுக்கு 24ல இருந்து 28 வரைக்கும் வேணும். தெர்மோஸ்டாட் வச்ச ஹீட்டர், லிட்டருக்கு ஒரு வாட் கணக்குல வாங்குங்க, தண்ணி மாத்தும்போது ஸ்விட்ச நிறுத்திட்டு மாத்துங்க, இல்லன்னா ஹீட்டர் கண்ணாடி விரிசல் விட்டுரும். ஹீட்டரே வேணாம்னா தங்க மீனோ ஒயிட் க்ளவுட் மின்னோவோ வளருங்க அம்மணி, அதுங்களுக்கு உங்க ஊரு தான் சொர்க்கம்.

கேள்வி: நீங்க எழுதற பதிலும் ஏஐ தானுங்களா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: ஏஐயா இருந்தா ஆசிரியர் இந்நேரம் எனக்கு கொடுக்கற சம்பளத்தை நிறுத்தியிருப்பாருங்க.

கேள்வி: நான் ஒரு மீன் குரூப்புக்கு அட்மின். முன்னெல்லாம் யாராவது கேட்டா நாலு பேர் போட்டோ கேப்பாங்க, சண்டை கூட வரும். இப்ப யாராவது ஒருத்தர் நீளமா ஒண்ணை ஒட்டிடறாங்க, அதுக்கு மேல யாரும் பேசறதில்ல. பழைய ஆளுங்க எல்லாம் ஒதுங்கிட்டாங்க. ஏஐ பதிலுக்கு தடை போடலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: போடலாம், ஆனா யாரு பிடிக்கறது? 2022 நவம்பர் கடைசியில சாட்ஜிபிடி வந்துச்சு, டிசம்பர் முதல் வாரத்துலயே புரோகிராம் எழுதறவங்க கேள்வி கேக்கற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அந்த பதில்களுக்கு தடை போட்டுருச்சு. பாக்க சரியா இருக்கற மாதிரியே இருக்கு, ஆனா நிறைய தப்பு, போடறதும் ரொம்ப சுலபம்ங்கறது தான் அவங்க சொன்ன காரணம். அங்க தப்புன்னா புரோகிராம் ஓடாது, உடனே தெரிஞ்சுரும். மீன் ரெண்டு வாரம் கழிச்சு சாகும், எதனால செத்துச்சுனு யாருக்கும் தெரியாது, கடைக்காரரை திட்டுவாங்க.

ஏஐயே தொடக்கூடாதுனு நான் சொல்ல மாட்டேன். தமிழ்ல கோர்வையா எழுத வராதவங்க தன் அனுபவத்தை அதுகிட்ட சொல்லி சரி பண்ணி போட்டா போடட்டும், அதுல என்ன குத்தம். நீங்க கேக்க வேண்டியது ரெண்டு தான். கேக்கறவங்க தொட்டி போட்டோ, தொட்டி வச்ச நாள், என்ன தண்ணினு போடணும். பதில் சொல்றவங்க இதை என் தொட்டியில செஞ்சு பாத்தேன், இப்படி ஆச்சுனு ஒரு வரியாவது போடணும். ஒட்டறவங்களுக்கு அந்த ஒரு வரி வராது, பொய் சொன்னாலும் ரெண்டாவது கேள்வியில மாட்டிக்குவாங்க. ஒதுங்கிப் போன பழைய ஆளுங்களை நீங்களே போன் பண்ணி கூப்பிடுங்க, அவங்க கோவம் ஏஐ மேல இல்ல, மதிக்க ஆள் இல்லைங்கறது மேல.

கேள்வி: வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஏஐ ஒரு மருந்து அளவு சொல்லுது, பாட்டில்ல வேற அளவு இருக்கு. எதை நம்பறது?
– வாசகர், தாதகாப்பட்டி

பதில்: பாட்டிலை. ஏஐ பல நேரம் கேலன் கணக்குல சொல்லும், அமெரிக்க கேலன்னா கிட்டத்தட்ட 3.8 லிட்டர், பிரிட்டிஷ் கேலன்னா நாலரை. கேலனுக்கு சொன்ன சொட்டை லிட்டருக்குனு யாராவது மாத்தி ஒட்டினா கிட்டத்தட்ட நாலு மடங்கு மருந்து உள்ள போகும். ரெண்டுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு அடி தொட்டி ரொம்ப நிரப்பினா 56 லிட்டர், கல்லும் மேல விடற இடமும் கழிச்சு 45 வச்சுக்குங்க. தாமிரம் கலந்த மருந்துன்னா நத்தை, இறால் எல்லாம் வேற தொட்டிக்கு மாத்திருங்க, செத்துரும். புள்ளி மறைஞ்சதும் நிறுத்தாதீங்க, மீன் மேல ஒட்டியிருக்கற கிருமிய மருந்து ஒண்ணும் செய்யாது, அது கழண்டு பெருகி தண்ணியில நீந்தும்போது தான் சாகும்.

கேள்வி: சக்கர் மீன் ஒரு அடிக்கு வளந்துருச்சு. ஏற்காடு ஏரியில விடலாமானு கேட்டேன், இயற்கையான சூழல்ல விடறது நல்லதுனு ஒருத்தர் ஒட்டினாரு.
– வாசகர், நாகலூர்

பதில்: விடாதீங்க. அது தென் அமெரிக்க மீன், கரையில வளை தோண்டும், நம்ம மீன் போடற முட்டைய தின்னும், பிடிச்சு சாப்பிடவும் ஆள் கிடையாது. வாங்கின கடையிலயே கேளுங்க, பெரிய தொட்டி வச்சிருக்கறவங்களுக்கு கொடுத்துருவாங்க.